பொலித்தீன் எந்தப் பக்கம்

நெதர்லாந்து
02.09.2023

அன்புள்ள தாட்சாயினி அக்காவுக்கு,

ஏப்ரலுக்குப் பிறகு நாம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் என் மகள் யதுர்ஷிகாவின் கையில் இருக்கிறது. அவளுக்குப் பின்னால் நீங்கள் ஐஸ் பெட்டிக்கு வெள்ளை ரெஜிபோம் அட்டை அறுக்கிற சத்தம் மட்டும் எனக்கு வரும். பல்லைக் கூசவைக்கும் அந்தச் சத்தத்தை வைத்து, நீங்கள் சுகமாகவும் கோபமாகவும் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்கிறேன்.

இது சமாதானக் கடிதம் அல்ல. தொழில் சம்பந்தமானது.

மார்ச்சில் ஒரு படகு வாங்கினேன், குடியிருப்பதற்கு. இங்கே வாடகை வீட்டுக்கு வரிசையில் நின்றால், என் முறை வரும்போது யதுவுக்குப் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். படகைப் பற்றி ஏப்ரலில் சொல்ல இருந்தேன். ஏப்ரலில்தான் என் மகள் போனில் என்னை "மாமா" என்றாள், நான் உங்களிடம் கத்தினேன், சொல்ல வந்த விஷயம் நின்றுபோனது.

இது கால்வாயில் கட்டியிருக்கும் இரும்புப் படகு. நாற்பத்தைந்து அடி. முன்பு உருளைக்கிழங்கு ஏற்றியது. உருளைக்கிழங்கு குளிரைப் பற்றி முறையிடுவதில்லை, ஆகையால் உள்ளே வெறும் தகடுதான். வாங்கிய கிழமை ஓர் இரவு படுத்துப் பார்த்தேன். நான் விட்ட மூச்செல்லாம் தகட்டில் தண்ணீராகிக் காலையில் என் போர்வையில் சொட்டிக்கொண்டிருந்தது.

யதுவை இங்கே கூப்பிடுகிற விண்ணப்பம் கடைசிப் படிக்கு வந்துவிட்டது. ஜனவரியில் ஓர் அதிகாரி வந்து இருப்பிடத்தைப் பார்ப்பார். அவளுக்கு மூச்சு இழுப்பு இருப்பது விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறது. அதனால் முதலில் சுவரில் ஈரம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பாராம். காய்ந்திருந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் இல்லை.

யதுவைப் பெற்ற சுமித்திரா காய்ச்சலில் போன நாளிலிருந்து பிள்ளையை நீங்கள்தான் வளர்க்கிறீர்கள். செத்த வீட்டுக்குக்கூட வர முடியாதவன் நான். உங்களிடம் உதவி கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனால் குளிரை ஒரு பெட்டிக்குள் கட்டுப்படுத்தத் தெரிந்தவர் என்று எனக்கு உங்களை மட்டும்தான் தெரியும். சுவருக்கு எதை, எந்த வரிசையில் வைக்க வேண்டும் என்று எழுதுவீர்களா?

யதுவின் கட்டிலுக்கு முன்பக்கத்தில் நாலு அடி ஒதுக்கியிருக்கிறேன். சின்னப் பிள்ளைக்கு அது போதும்.

இப்படிக்கு
கிருசாந்தன்


வட்டக்கச்சி
20.09.2023

அன்புள்ள தம்பிக்கு,

ஒல்லாந்தர் இங்கே வந்தபோது கல்லில் கோட்டை கட்டினார்கள். அவர்களுடைய ஊருக்குப் போன நீ ஓட்டை உருளைக்கிழங்குப் படகு வாங்கியிருக்கிறாய். இரு தரப்பிலும் யார் கெட்டிக்காரர் என்பதைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் "மாமா" விவகாரம். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து போனில் வருகிற ஆண்கள் எல்லோரும் மாமா என்பது இந்த வீதிப் பிள்ளைகளுக்குள் உள்ள பொதுச் சட்டம். அவள் என்னை அம்மா என்று கூப்பிடுவதும் உனக்குத் தெரியும். "மாமி எண்டு கூப்பிடு" என்று திருத்தினேன். இரண்டு நாள் கூப்பிட்டாள். மூன்றாம் நாள் மறந்துவிட்டாள். நானும் ஞாபகப்படுத்தவில்லை. அது என் பிழை.

இனிச் சுவர். நாயாற்றில் மீன் ஏற்றும் மோட்டார் சைக்கிள்களில் முப்பதின் பின்னால் கட்டியிருப்பது நான் செய்த ஐஸ் பெட்டி. காலையில் போட்ட ஐஸ் மத்தியானம் மல்லாவிச் சந்தைக்குப் போய்ச் சேரும்போதும் கட்டியாகவே இருக்கும். அதே முறைதான். முதலில் வெளித் தகட்டோடு ஒட்டிப் பொலித்தீன், ஒரு ஊசி ஓட்டையும் இல்லாமல். வெளி ஈரம் ரெஜிபோமுக்குள் போகக்கூடாது, அதுதான் இரகசியம். அதற்கு உள்ளே ரெஜிபோம் இரண்டு அடுக்கு, ஒன்றின் பொருத்து மற்றதன் பொருத்துக்கு நேரே வராமல். அதற்கு உள்ளே பலகை. உள்பக்கம் பொலித்தீன் வேண்டாம். உள்ளே கொஞ்சம் மூச்சு விடட்டும்.

அத்தான் கேட்கிறார், "அங்க ஐஸ் பெட்டிக்குள்ளயோ குடியிருக்கப் போறான்?" என்று. ஓம் என்றேன்.

அக்கா
தாட்சாயினி


நெதர்லாந்து
22.10.2023

அன்புள்ள அக்காவுக்கு,

சுவர் முடிந்தது. நீங்கள் எழுதியதில் ஒரு எழுத்தும் பிசகாமல் செய்தேன். கடிதத்தைத் தகட்டில் ஒட்டிவைத்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்துப் பார்த்து வேலை செய்தேன். எங்கள் வீட்டில் யாரும் யாருடைய சொல்லையும் இவ்வளவு கேட்டதில்லை.

உள்ளே சூடாக இருக்கிறது. அடுப்பு வைத்துவிட்டேன். ஒரு நீத்துப்பெட்டி வாங்கிப் புட்டு அவிக்கப் பழகுகிறேன். மூன்று முறை மண் போல வந்தது, நாலாவது கல் போல வந்தது. இரண்டுக்கும் நடுவில் எங்கோ புட்டு இருக்கிறது. யதுவுக்குப் புட்டோடு எது பிடிக்கும்? ஞாயிற்றுக்கிழமை கேட்டேன், "எல்லாம் பிடிக்கும்" என்றாள். அது மரியாதைக்குச் சொன்ன பதில் என்று அறியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

கட்டிலும் போட்டாயிற்று, நாலு அடி.

கிருசாந்தன்


வட்டக்கச்சி
20.11.2023

அன்புள்ள தம்பிக்கு,

மழை. இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவு திறந்துவிட்டார்கள். அதைப் பார்க்க வாகனம் பிடித்து வருகிறவர்களால் வீதி நிரம்பியிருக்கிறது. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் இங்கே சனம் கூடும்.

யதுவுக்குப் புட்டோடு மாம்பழமும் கீரிமீன் பொரியலும். இரண்டையும் ஒன்றாகச் சாப்பிடுவாள். கேள்வி கேட்காதே.

உனக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். மல்லாவியில் மீன் விற்கிற ராசுவுக்கு இரண்டு பெட்டி செய்து கொடுத்திருந்தேன். போன கிழமை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அக்கா, பெட்டி பாரமாப் போச்சு. தண்ணி குடிச்சிட்டுது."

"என்ர பெட்டி முப்பது இருக்கு, ஒண்டும் குடிக்கேல்ல. உன்ரது மட்டும் ஏன் குடிச்சது? மீனை விட்டிட்டுச் சாராயம் ஏத்தினனியோ?"

"சும்மா இருங்கோக்கா. மீனுக்கு எடுக்கேல்ல. மனுசி இடியப்பம் அவிச்சுச் சுடச்சுட வச்சுக் கடைக்குக் கொண்டு போறவ."

அறுத்துப் பார்த்தேன். ரெஜிபோம் பஞ்சு போல ஊறியிருந்தது. தண்ணீர் எல்லாம் வெளிப் பொலித்தீனின் உட்புறத்தில் நின்றது. கதை அவ்வளவுதான். அவனுடைய மனைவி சிவலட்சுமிக்கு வேறு மாதிரி ஒரு பெட்டி செய்து கொடுத்தேன்.

தபால்காரர் வரும் நேரம். நிறுத்துகிறேன்.

அக்கா


நெதர்லாந்து
20.12.2023

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. ராசுவின் கதை நல்ல பகிடி. இங்கே கால்வாய் ஓரத்தில் ஐஸ் பிடித்துவிட்டது. உருகாமல் வைத்திருக்க யாரும் பெட்டி செய்யத் தேவையில்லை.

சுவர் நன்றாக இருக்கிறது. அதிகாரி ஜனவரி இருபத்துமூன்றாம் திகதி வருகிறார்.

கிருசாந்தன்


நெதர்லாந்து
25.01.2024

அக்காவுக்கு,

அதிகாரி வந்தார். நல்ல பெண், வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். பையிலிருந்து இரண்டு ஊசி உள்ள ஒரு கருவியை எடுத்துச் சுவர்ப் பலகையில் குத்தினார். இந்த நாட்டில் சுவருக்கும் காய்ச்சல் பார்ப்பார்கள். ஊசி காட்டிய எண்ணைப் பார்த்து, கருவி பிழை என்று நினைத்து இன்னொரு இடத்தில் குத்தினார். பிறகு யதுவின் கட்டிலுக்கு மேலே முகர்ந்து பார்த்தார். அங்கே பலகையில் கறுப்புப் புள்ளிகள் இருந்தன.

இழுப்பு உள்ள பிள்ளைக்கு இந்த இடம் ஏற்றதல்ல என்று எழுதியிருக்கிறார். ஜூனில் மறுபடி வருவார். அப்போதும் இப்படியென்றால் விண்ணப்பம் முடிந்தது.

சுவரை நீங்கள் சொன்னபடிதான் செய்தேன். அதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

யதுவிடம் நான் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

கிருசாந்தன்


வட்டக்கச்சி
14.02.2024

அன்புள்ள தம்பிக்கு,

சொன்னேன். யது சோறு தின்றுகொண்டிருந்தாள்.

"அப்ப நான் இங்கையே இருக்கிறனோ?" என்று கேட்டாள்.

"ஜூன் வரைக்கும் ஓம்" என்றேன்.

"சரி" என்று சோற்றுக் கோப்பையைக் கழுவி வைத்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. தேத்தண்ணீர் கொதிக்கிற நேரம் வரைக்கும் அது இருந்தது. பிறகு அவள் அறைக்குள் போனதைப் பார்த்தேன். கட்டிலுக்குக் கீழே இருந்து பழைய பள்ளிக்கூடப் பையை இழுத்து, அதற்குள்ளிருந்து ஒரு கம்பளிச் சட்டையை எடுத்து அலுமாரியில் வைத்தாள். அதற்கு மேல் இரண்டு சோடிக் காலுறை. அதற்கு மேல் அவளுடைய இழுப்பு மருந்து, கடதாசியில் சுற்றியது. கேட்டேன், ஒக்டோபரிலிருந்து அந்தப் பை கட்டி ஆயத்தமாக இருந்திருக்கிறது. நான் தினமும் அந்த அறையைக் கூட்டுகிறவள். எனக்குத் தெரியாது.

தம்பி, சுவர் பிழை. நான் சொன்ன முறை பிழை.

ஈரக் காற்று எப்போதும் சூடான பக்கத்திலிருந்து குளிரான பக்கத்துக்குத்தான் போகும். நடுவில் ரெஜிபோமுக்குள் புகுந்து, குளிரைத் தொட்டதும் தண்ணீராகும். ஆகவே மறிக்க வேண்டியது சூடான பக்கத்தில். ஐஸ் பெட்டிக்குச் சூடான பக்கம் வெளியே. அதனால் பொலித்தீனை வெளியே வைக்கிறோம். உன் படகுக்குச் சூடான பக்கம் உள்ளே, நீ மூச்சு விட்டுப் புட்டு அவிக்கிற பக்கம். பத்து வருடமாக ஐஸை மட்டுமே பார்த்த எனக்கு, மனிதர் இருக்கிற பெட்டி மறுபுறம் திரும்பியிருக்கும் என்று தோன்றவில்லை. இதுவரைக்கும் அது அறியாமை. அறியாமைக்கு மன்னிப்புக் கேட்டால் போதும்.

ஆனால் ராசுவின் பெட்டியை அறுத்த நிமிஷமே எனக்கு விளங்கிவிட்டது. கத்தி கையில் இருக்கும்போதே விளங்கிவிட்டது. அடுத்த கிழமை உனக்கு எழுத உட்கார்ந்தேன். ராசு சொன்னதையெல்லாம் எழுதினேன், அவன் பகிடி வரைக்கும். "ஆகவே உன் சுவரைப் பிரி" என்கிற ஒரு வரியை எழுதவில்லை. புத்தியுள்ளவன் புரிந்துகொள்வான், புரியாவிட்டால் என் குற்றமல்ல என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் காது மந்தம், ஆனால் கேட்டார்.

"கதையைச் சொல்லிப்போட்டு விசயத்தை விட்டிட்டியே."

"அவனுக்கு விளங்கும்."

"உனக்கு விளங்கினதைத்தான் நான் கேக்கிறன்."

நான் உறையை ஒட்டிவிட்டேன். அதற்குப் பிறகு ஜனவரி இருபத்துமூன்று வரைக்கும் ஒன்பது ஞாயிற்றுக்கிழமை வந்தது. போன் ஒரு முழத் தூரத்தில், யதுவின் கையில். ஒன்பது முறையும் நான் ரெஜிபோம் அறுத்துக்கொண்டிருந்தேன். சில நாட்களில் அறுக்கத் தேவையே இருக்கவில்லை, வெட்டிக் கழித்த துண்டுகளை எடுத்து அறுத்தேன், சத்தத்துக்காக.

சுவர் நனைந்தால் பிள்ளை இங்கே இருப்பாள். இதை ஒருநாளும் முழு வாக்கியமாக நினைத்ததில்லை. இன்றுதான் எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் அசிங்கமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அதை அடுத்ததில் எழுதுகிறேன். இதற்கே நீ பதில் போடமாட்டாய் என்று நினைக்கிறேன்.

அக்கா


நெதர்லாந்து
05.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பாவ மன்னிப்புக்கு நீங்கள் தவறான கதவைத் தட்டியிருக்கிறீர்கள். இந்தப் பக்கமும் ஒருவன் வரிசையில் நிற்கிறான்.

ஒக்டோபரில் நான் பொலித்தீன் ஒட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்துப் படகுக் கிழவர் வந்து பார்த்தார். நாற்பது வருடம் படகில் இருப்பவர். "அது மற்றப் பக்கம் வர வேண்டும்" என்றார். என் அக்கா ஐஸ் பெட்டி நிபுணர் என்று சொன்னேன். அவர் யோசித்து, "உங்கள் அக்கா எங்கே இருக்கிறார்?" என்று கேட்டார். சொன்னேன். "அங்கே குளிருமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தன் படகுக்குப் போய்விட்டார். அவ்வளவு மரியாதையாக யாரும் என்னை முட்டாள் என்று சொன்னதில்லை. ஆனாலும் நான் ஒட்டினேன். உங்களுடைய கடிதம் ஆறு மாதத்துக்குப் பிறகு வந்தது. அதிலே ஒரு வரி பிழை என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

அது ஒக்டோபர். டிசம்பரில் ராசுவின் கதை வந்தது. வாசித்து முடிக்க முன்னமே எழும்பிப் போய், யதுவின் கட்டிலுக்கு மேலே இருந்த பலகையின் ஆறு திருகாணியையும் கழற்றினேன். ரெஜிபோமைத் தொட்டேன், விரல் நனைந்தது. அதை இழுத்தேன், பின்னால் பொலித்தீனில் தண்ணீர் வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தது. அதிகாரி வர ஐந்து கிழமை இருந்தது. லீவு போட்டுப் பிரித்திருந்தால் மூன்று கிழமையில் முடித்திருப்பேன்.

நான் பலகையைத் திரும்ப வைத்து ஆறு திருகாணியையும் முறுக்கினேன். பிறகு உட்கார்ந்து "சுவர் நன்றாக இருக்கிறது" என்று உங்களுக்கு எழுதினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் பத்து நிமிஷம் அவளோடு பேசுகிறேன். ஏழாவது நிமிஷத்தில் எனக்குக் கேள்வி முடிந்துவிடும். "இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள்" என்று இரண்டாம் முறை கேட்பேன். அவளும் இரண்டாம் முறை சொல்வாள், ஒரு சொல்லும் குறையாமல். பத்து நிமிஷமே இப்படியென்றால், நாற்பத்தைந்து அடிப் படகுக்குள் ஒரு மாரிகாலம் முழுக்க நான் என்ன செய்வேன்? அவள் ராத்திரி எழும்பி அம்மா எங்கே என்று கேட்டால், எந்த அம்மாவை என்று நான் கேட்க வேண்டிவருமே. சுவர் நனைந்தால் அது சுவரின் குற்றம். எனக்கு அது வசதியாக இருந்தது.

இதையும் எழுதிவிடுகிறேன். அதிகாரி வந்த அன்று காலை எட்டு மணிக்கு, கதவு யன்னல் எல்லாம் சாத்திவிட்டு, நான் ஒரு மணித்தியாலம் புட்டு அவித்தேன். எனக்குப் பசி இருக்கவில்லை.

அதற்குப் பிறகும் "நீங்கள் சொன்னபடிதான்" என்று உங்களுக்கு எழுதினேன்.

உங்களுடைய கடிதத்தில் அந்தப் பையைப் பற்றி வாசித்தேன். காலுறை இரண்டு சோடி என்று எழுதியிருந்தீர்கள். அன்று பின்னேரமே சுவர் முழுவதையும் பிரித்தேன். இப்போது படகு உருளைக்கிழங்குக் காலத்துக்குத் திரும்பிவிட்டது. தகட்டில் துரு பிடித்திருக்கிறது, சுரண்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக் கிழவர் தன்னுடைய சுரண்டியைக் கொண்டுவந்து தந்தார்.

சரியான முறையை அவரிடம் கேட்கலாம். ஆனால் நீங்கள் எழுதித் தர வேண்டும் என்று விரும்புகிறேன். எழுதுவது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

நீங்கள் சொல்வதாக எழுதிய அந்த இன்னொன்று என்ன?

கிருசாந்தன்


வட்டக்கச்சி
24.03.2024

அன்புள்ள தம்பிக்கு,

எழுதுகிறேன். இம்முறை பிழை இல்லை. சிவலட்சுமியின் புதுப் பெட்டி நாலு மாதமாக இடியப்பம் சுமக்கிறது, அறுத்துப் பார்த்தேன், காய்ந்திருக்கிறது. நல்ல பெட்டியை ஏன் அறுத்தீர்கள் என்று அவள் சண்டை பிடித்தாள். இன்னொன்று செய்து கொடுத்துவிட்டேன்.

துருவைச் சுரண்டித் துடைத்துப் பூச்சு அடி. இரண்டு நாள் காயவிடு. ரெஜிபோமை நேரே தகட்டில் ஒட்டு, இடையில் ஒரு விரல் வெளியும் விடாதே, வெளி விட்டால் அங்கே தண்ணீர் பிடிக்கும். படகின் இரும்பு விலா எலும்புகளையும் மூடு, அவைதான் குளிரை உள்ளே கடத்தும். அவள் படுக்கும்போது முதுகைச் சுவரோடு ஒட்டித்தான் படுப்பாள், ஆகையால் கட்டில் பக்கம் மூன்று அடுக்கு வை.

அதற்குப் பிறகு பொலித்தீன். உள்பக்கம், நீ இருக்கிற பக்கம். ஒன்றின் மேல் ஒன்று ஒரு சாண் ஏறவேண்டும், பொருத்தெல்லாம் டேப் ஒட்டு. கடைசியில் பலகை. திருகாணி பொலித்தீனைக் கிழிக்காமல் பார். புட்டு அவிக்கும்போது படகின் மேல் மூடியைத் திற. அவளுக்கு இழுப்பு வருவது விடியப்புறத்தில், முதலில் இரண்டு முறை செருமுவாள். மூன்றாவது செருமலுக்கு முன் எழுப்பி உட்கார்த்தி, மருந்தைக் கொடுத்து முதுகைத் தடவு, தட்டாதே. தட்டினால் கோபிப்பாள்.

ஏழாவது நிமிஷத்தில் கேள்வி முடிந்தால் சும்மா இரு. இங்கேயும் நாங்கள் அப்படித்தான். அவள் தானாகக் கதைப்பாள்.

நீ எழுதியதை அவளிடம் முழுதும் சொல்லவில்லை. அப்பா சுவரைத் திரும்பக் கட்டுகிறார் என்று மட்டும் சொன்னேன்.

"அவர் ஏன் பிழையாக் கட்டினவர்?" என்று கேட்டாள்.

"நான் பிழையாச் சொல்லிக் குடுத்திட்டன்."

"நீங்கள் ஏன் பிழையாச் சொன்னனீங்கள்?"

"எனக்குக் குளிர் தெரியாதெல்லோ" என்றேன். அவள் எழும்பினாள். பிறகு அலுமாரியைத் திறந்து கம்பளிச் சட்டையை எடுத்துப் பையில் வைத்தாள். இம்முறை என் கண்முன்னால் வைத்தாள்.

இனி நீ கேட்ட அந்த இன்னொன்று. செப்டெம்பரில் நீ எழுதியபோதே கண்டது. கட்டிலுக்கு நாலு அடி என்று எழுதியிருந்தாய். நீ விட்டுப் போன பிள்ளைக்கு அந்த நாலு அடியே அதிகம், தம்பி. இப்போது அவளுக்குப் பத்து வயது. நாலு அடிக் கட்டிலில் அவள் கால் வெளியே தொங்கும். எனக்கு அது அன்றே தெரியும். சொல்லவில்லை. அந்தக் கட்டிலில் அவள் படுக்கப் போவதில்லை என்று எங்கோ ஒரு மூலையில் முடிவு செய்துவிட்டேன் போல.

இந்த உறைக்குள் ஒரு நூல் இருக்கிறது. நேற்று அவளைக் குசினிச் சுவரோடு நிறுத்திப் பிடித்த அளவு. அவளுடைய உயரம் முடிகிற இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறேன். அந்த இடத்திலேயே வெட்டப் போனேன்.

"நூலைக் கொஞ்சம் விடுங்கோ அம்மா, போறதுக்குள்ள இன்னும் வளந்திடுவன்" என்றாள்.

முடிச்சுக்கு மேலே ஒரு சாண் விட்டு வெட்டினேன். அந்தச் சாண் என் கை அளவு. கட்டிலை அதையும் சேர்த்துப் போடு.

அக்கா
தாட்சாயினி